உலக சராசரி வெப்பநிலை: கூட்டி வகுத்தா போதுமா?

எல்லா ஊர் வெப்பநிலையையும் கூட்டி, எண்ணிக்கையால வகுத்தா உலக சராசரி வந்துடுமா? வராது. 2 சிக்கல் இருக்கு.

கட்டத்தின் அளவு: பூமியை அட்சரேகை, தீர்க்கரேகை கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் நிலநடுக்கோட்டில் சுமார் 111 கி.மீ. 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதிதான். எல்லாக் கட்டத்துக்கும் சம மதிப்பு கொடுத்தால், துருவப் பகுதிக்கு அளவுக்கு மீறிய பங்கு போய்விடும். அதனால் அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்குகிறார்கள்.

காலிக் கட்டம்: பிரிட்டனின் ஹாட்கிரட்4 தரவில் பூமியின் சுமார் 16% பரப்பு விடுபட்டிருந்தது. வேகமாகச் சூடாகும் ஆர்க்டிக்கின் பெரும்பகுதியும் அதில் அடக்கம். 'வெப்பமயமாதல் நின்னுடுச்சு' என்ற வாதத்துக்கு இதுவும் தீனி போட்டது.

2013-ல் கெவின் கௌட்டன், ராபர்ட் வே இருவரும் அந்த இடைவெளியை நிரப்பிக் கணக்கிட்டனர். 1997-2012 காலத்தின் வெப்பமயமாதல் வேகம், முந்தைய கணக்கைவிட 2 மடங்குக்கும் மேல் வந்தது. வெப்பம் நிற்கலை, கணக்கில்தான் விட்டுப்போச்சு.