சும்மா கிடைக்காத காற்று

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கிற நேரமும் எங்கட தலைக்கு மேலே குளிர்காற்று வீசிக்கொண்டே இருக்கும். அது எங்கேயிருந்து வருகுது எண்டு நாங்கள் கேட்பதில்லை. பெரும்பாலான ஜெட் விமானங்களில் அது இயந்திரத்துக்குள் இருந்தே வருகிறது. எரிபொருளோடு எரிப்பதற்காக இயந்திரம் அழுத்திவைத்த காற்றில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, குளிரவைத்து எங்களுக்குத் தருகிறார்கள். அந்தளவுக்கு உந்துவிசை குறையும்.

கடலோரத்து நீண்ட ஓடுபாதையில் இது பெரிய விசயமில்லை. பொலிவியாவின் எல் அல்டோ விமான நிலையத்தை எடுத்துப் பாருங்கோ. அது கடல்மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இயந்திரத்துக்கும் காற்றுப் போதாது, இறக்கைக்கும் போதாது. இப்படியான இடங்களில் உந்துவிசை போதாவிட்டால் ஆட்களை, பொதிகளை, இல்லாட்டி எரிபொருளைக் குறைக்க வேண்டியதுதான்.

இதுக்கு இரண்டு வழி இருக்கு. ஒன்று, மேலெழும்பும் வரை குளிரூட்டலை நிறுத்திவைப்பது. மற்றது, ஏ.பி.யு. எனப்படும் சின்னத் துணை இயந்திரத்திடம் அந்தக் காற்றை வாங்குவது.

ஏ.பி.யு. இந்த வேலைக்காகப் பயணிகள் ஜெட்டுக்குள் வரவில்லை. அதை முதலில் கொண்டிருந்தது 1963இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 727. மின்சாரமும் காற்றும் தரும் தரை வண்டிகள் இல்லாத சிறிய விமான நிலையங்களுக்கும் போய்வர வேண்டும் என்பதுதான் நோக்கம். சக்கரங்கள் மடங்கும் அறைக்குள் வைத்ததால் தரையில் மட்டுமே அதைப் பாவிக்கலாம். பிறகு வந்த 737இல் அது வாலுக்குப் போனது, பறக்கும்போதும் ஓடியது. அதன் பிறகுதான் புறப்படும் நேரத்துக் காற்றை அதனிடம் கேட்க முடிந்தது. மேலே போனதும் விமானிகள் பழையபடி பெரிய இயந்திரங்களின் காற்றுக்கு மாறிவிடுவார்கள்.

2011இல் சேவைக்கு வந்த 787, பயணிகளுக்காக இயந்திரத்துக் காற்றை எடுப்பதையே விட்டுவிட்டது. வெளிக்காற்றை மின்சாரத்தால் அழுத்துகிறது. ஆனால் அந்த மின்சாரமும் அதே இயந்திரங்கள் சுழற்றும் மின்பிறப்பாக்கிகளில் இருந்துதானே வருகுது!

சூடான காற்றும் மலைக்காற்று மாதிரி அடர்த்தி குறைந்தது. 2017 யூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பநிலை 48 பாகை செல்சியஸை நெருங்கியபோது, அந்தச் சூட்டுக்கு அனுமதி இல்லாத சிறிய ஜெட்டுகள் பல புறப்படவே இல்லை. உலகம் இன்னும் சூடாகிக்கொண்டுதான் போகுது. நாங்களோ குளிர்காற்றுக்காகவும் எரிபொருள் எரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த எல்லை எத்தனை ஊர்களுக்கு வரப்போகுது?