தக்காளி இலை சுருளுதா, கருகுதா, வாடுதா? என்ன நோய் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூருவின் பெயரில் ஒரு வைரஸ் இருக்கிறது. 'தக்காளி இலைச்சுருள் பெங்களூரு வைரஸ்' என்பது அதன் பெயர். இந்த ஊர்ப் பக்கம் தக்காளிச் செடிகளில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் பெங்களூருவில் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ தக்காளி வளர்த்திருந்தால், இந்த வைரஸை எப்போதாவது நேரில் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். பெயர் மட்டும் தெரிந்திருக்காது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு இலையெல்லாம் சுருண்டு போச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?" அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பத்து நிமிடத்தில் பத்து பதில் வந்துவிடும்: வேப்பெண்ணெய், மோர், மஞ்சள் தூள், பூஞ்சைக்கொல்லி, முட்டை ஓடு. எதற்காக எது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நானும் இதில் மாட்டியவள்தான். ஐந்து பைகளில் வைத்த செடிகளில் இலை சுருண்டதும், கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லியை வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் வந்திருந்தது வைரஸ். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட கதைதான்.

பால்கனிப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. பெங்களூருவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோலார், நாட்டின் முக்கியமான தக்காளி மாவட்டங்களில் ஒன்று. ஆசியாவின் இரண்டாவது பெரிய தக்காளிச் சந்தை என்று அங்குள்ள மண்டியைச் சொல்வார்கள். இந்தியா ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டன் தக்காளி விளைவிக்கிறது. ஆனாலும் சில வாரங்கள் சில மாவட்டங்களில் விளைச்சல் சரிந்தால் போதும், நாடு முழுக்க விலை ஏறிவிடும்.

2023 ஜூலையில் அதுதான் நடந்தது. கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அதாவது மண்டியிலேயே கிலோ 130 ரூபாய்க்கு மேல். தமிழ்நாடு அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது. வெயில், மழை, முந்தைய மாதங்களில் விலை கிடைக்காமல் விவசாயிகள் பயிரைக் குறைத்தது எனக் காரணங்கள் பல. இலைச்சுருள் வைரஸ் தாக்குதலும் அந்தப் பட்டியலில் இருந்தது.

கோலாருக்கு இது புதிதும் அல்ல. 1999-இல் இதே மாவட்டத்தில் இலைச்சுருள் நோய் பெரிய அளவில் பரவியது. வெள்ளை ஈயின் 'பி' வகை என்ற, வேகமாகப் பெருகும் புது வகை ஒன்று அங்கே நுழைந்திருப்பதை ஆய்வாளர்கள் அப்போது கண்டறிந்தார்கள். ஆண்டு முழுக்கத் தக்காளி இருக்கும் ஊரில், அந்த ஈக்கும் வைரஸுக்கும் ஆண்டு முழுக்கச் சாப்பாடு தயார்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மருந்தைத் தேடும் முன் செடியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, எங்கே ஆரம்பித்தது? நுனிக் கொழுந்திலா, அடி இலையிலா, பழத்திலா?

இரண்டு, எவ்வளவு வேகம்? ஒரே நாளிலா, வாரக்கணக்கிலா?

மூன்று, எப்படித் தெரிகிறது? சுருளா, புள்ளியா, வாட்டமா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பெரும்பாலான நோய்களைச் செலவில்லாமல் பிரித்துவிடலாம்.

இலை சுருளுது: வைரஸா, வெயிலா?

நுனியில் வரும் புது இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் குட்டையாகப் புதர் போல நின்றால் அது பெரும்பாலும் இலைச்சுருள் வைரஸ். பூ வந்தாலும் உதிர்ந்துவிடும். நாற்று நட்ட சில வாரங்களுக்குள் தாக்கினால் காய்ப்பே இல்லாமல் போகலாம். காய்க்கத் தொடங்கிய பிறகு வந்தால் ஓரளவு அறுவடை தப்பும்.

அடி இலைகள் மட்டும் சுருண்டு, நிறம் மாறாமல், நுனிக் கொழுந்து நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். வெயிலுக்கோ தண்ணீர்க் குறைவுக்கோ செடி இலையை மடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வைரஸ் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். அந்தச் செடியைப் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். விட்டுவைத்தால், வெள்ளை ஈ அதில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குப் போகும். ஆகவே நம் சண்டை வைரஸோடு அல்ல, ஈயோடு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செடியை லேசாகத் தட்டினால் பொடி போல வெள்ளையாகப் பறக்கும்.

மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நாற்றுப் பருவம். கண் நெருக்கமான நைலான் வலைக்குள் நாற்றை வளர்த்தால், செடி மிகவும் பலவீனமாக இருக்கும் முதல் மாதத்தில் ஈ அண்டாது. விவசாயிகளுக்கும் பரிந்துரைக்கப்படும் முறை இதுதான்.

சுருளுக்குப் பதிலாகக் கொழுந்து வெண்கல நிறமாகி, கருகி, பழத்தில் வட்ட வட்டமாக வளையங்கள் தெரிந்தால் அது வேறு வைரஸ். இதைப் பரப்புவது வெள்ளை ஈ அல்ல, இலைப்பேன். இங்கேயும் செடியைப் பிடுங்குவதுதான் வழி.

இலை கருகுது: முன்னதா, பின்னதா?

முன்பருவக் கருகல், பின்பருவக் கருகல் என்று இரண்டு உண்டு. பெயரை நம்ப வேண்டாம், இரண்டும் எந்தப் பருவத்திலும் வரலாம். பார்த்துப் பிரிக்க வேண்டியது புள்ளியை.

முன்பருவக் கருகல் ஒரு பூஞ்சை. வயதான அடி இலைகளில் தொடங்கும். பழுப்புப் புள்ளிக்குள் வளையம் வளையமாக, அம்பு எய்யும் பலகை போல இருக்கும். சுற்றிலும் மஞ்சள் படரும். மெதுவாக மேலே ஏறும். அவசரம் குறைவு. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை செடியின் அடியை வெறுமையாக வைத்து, மண்மேல் காய்ந்த சருகு பரப்பினால் தண்ணீர் தெறித்துப் பூஞ்சை மேலே ஏறுவது குறையும். பரவல் நிற்கவில்லை என்றால் மான்கோசெப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிப்பது வழக்கமான பரிந்துரை.

பின்பருவக் கருகல் அப்படிப் பொறுமையானது இல்லை. இலையில் தண்ணீர் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் விழும், இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிப் பரவும். அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். தண்டு கறுக்கும், பழத்தில் கெட்டியான பழுப்புத் திட்டு வரும். ஒரு வாரத்தில் மொத்தச் செடியும் போய்விடலாம். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே கிருமிதான் இது. 2009, 2010-இல் தென்மேற்கு இந்தியாவின் தக்காளி வயல்களில் இந்நோய் கடுமையாகத் தாக்கியபோது, அதற்குக் காரணம் இக்கிருமியின் புதிய, வீரியமான வகை என்று பெங்களூரு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

இதற்குப் பிடித்த வானிலை எது தெரியுமா? குளிர், மேகமூட்டம், விடாத தூறல். நாம் ரசித்து இன்ஸ்டாகிராமில் போடும் பெங்களூரு வானிலையேதான். செப்டம்பர், அக்டோபர் மழையில் கூடுதல் கவனம் வேண்டும். செடிகளை நெருக்கமாக வைக்காதீர்கள், இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், முடிந்தால் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். மான்கோசெப், காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்றவை நோய் வரும் முன் காக்கும் மருந்துகள். திட்டு விழுந்த பிறகு அவை பெரிதாக உதவாது. அதனால்தான் வயல்களில், நோய் தொடங்கியதும் மெட்டாலாக்ஸில் கலந்த மருந்துக்கு மாறுகிறார்கள். பால்கனியில் இரண்டு செடிதான் என்றால், பிடுங்கிவிடுவதே மலிவு.

செடி வாடுது: ஒரு கண்ணாடி டம்ளர் போதும்

தண்ணீர் ஊற்றியும், இலை பச்சையாக இருக்கும்போதே, ஓரிரு நாளில் செடி தொங்கிப்போனால் பாக்டீரியா வாடலைச் சந்தேகிக்கலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில், வெட்டுமுகம் மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால், உறுதி.

இழை வரவில்லை. இலைகள் அடியிலிருந்து, சில சமயம் ஒரு பக்கம் மட்டும், மஞ்சளாகி மெதுவாக வாடின. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு. அப்படியானால் அது பியூசேரியம் வாடல், ஒரு பூஞ்சை.

இரண்டுமே மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். வாடிய செடியைக் காப்பாற்ற முடியாது. அந்த மண்ணில் தக்காளியோ, அதன் சொந்தங்களான கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கோ வைக்கக் கூடாது. தொட்டி என்றால் மண்ணை மாற்றிவிடலாம். ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் மண்ணை எங்கே மாற்றுவார்? அதனால் பல இடங்களில் கத்தரி அல்லது சுண்டைக்காய்ச் செடியின் வேர்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுகிறார்கள். நம் வத்தக்குழம்புச் சுண்டைக்காயின் வேர், பாக்டீரியா வாடலை நன்றாகத் தாங்கும்.

பழத்தின் அடி கறுக்குது: இது நோயே இல்லை

தொட்டியில் வளர்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இது. செடி நன்றாக இருக்கும், பழத்தின் அடிப்பகுதி மட்டும் தோல் போலக் கறுத்து அமுங்கும். காரணம், பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராதது. பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாததால் அல்ல, அதைச் சுமந்து செல்லும் தண்ணீர் சீராக இல்லாததால். வார நாட்களில் ஆபீஸ் ஓட்டத்தில் மறந்துவிட்டு, சனிக்கிழமை ஒரு வாளி ஊற்றினால் இதுதான் வரும். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும், உடனடித் தீர்வு அல்ல. தினமும் கொஞ்சமாகத் தண்ணீர், சற்றுப் பெரிய தொட்டி. அடுத்த காய்கள் சரியாகும்.

மருந்து வாங்கும் முன்

டப்பாவில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. வீட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். லேபிளில் தக்காளி என்ற பயிரின் பெயர் இருக்கிறதா, கடைசியாகத் தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். அந்த இடைவெளியைக் கடைப்பிடிக்காவிட்டால், 'வீட்டுத் தக்காளி, கெமிக்கல் இல்லாதது' என்று நாம் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. கையுறை, முகக்கவசம் கட்டாயம். பூவில் தேனீ இருக்கும் காலை நேரத்தில் தெளிக்காதீர்கள்.

அப்போ நிரந்தர வழி?

விதையில் இருக்கிறது, ஓரளவுக்கு. 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூருவின் ஹெசரகட்டாவில்தான் இருக்கிறது. அங்கே ஏ.டி. சதாசிவா குழுவினர் உருவாக்கிய 'அர்கா ரக்ஷக்' கலப்பினம், இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும். நல்ல பராமரிப்பில் ஒரு செடியில் 18 கிலோ வரை காய்த்ததாகப் பதிவுகள் உண்டு. பின்னர் வந்த 'அர்கா அபேத்' பின்பருவக் கருகலையும் சேர்த்து நான்கைத் தாங்கும். விதைகளை நிறுவனத்தின் இணையதளத்திலேயே வாங்கலாம்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். இவை கலப்பினங்கள், பழத்திலிருந்து எடுத்த விதையை மறுபடி போட்டால் அதே குணம் வராது. இரண்டாவது, 'தாங்கும்' என்றால் 'வரவே வராது' என்று பொருள் இல்லை. கிருமிகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

என் பால்கனியில் ஒரு செடி போனால் நஷ்டம் ஒரு பை மண். கோலாரில் அதே நோயைத் தவறாகப் புரிந்துகொண்டு தவறான மருந்து தெளித்தால், போவது கடன் வாங்கிய பணமும் ஒரு பருவமும். அடுத்த முறை தக்காளி விலை ஏறும்போது, "வெங்காயம் தக்காளி இல்லாம என்ன சமைக்கிறது" என்று அலுத்துக்கொள்ளும் முன், ஏதோ ஒரு வயலில் யாரோ இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். இன்று மாலை உங்கள் செடியின் இலையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.