ஆணியா, மருவா? ஒரு பெயர்க் குழப்பத்தின் வரலாறு

சித்தூர், திருப்பதி வட்டாரம் இருமொழி நிலம். உள்ளங்காலில் தோல் தடித்து வலித்தால் அங்குள்ள தமிழர் அதனைக் ‘கால் ஆணி’ என்பர். தெலுங்கர் ‘ஆனெகாய’ என்பர். மருவுக்குத் தெலுங்கில் ‘புலிபிரி’ என்னும் தனிச்சொல் உண்டு. ஆயினும் மரு உள்ளங்காலில் தோன்றி, உடலின் எடையால் உள்நோக்கி அழுந்தும்போது, பேச்சுவழக்கில் அதுவும் ஆணியாகிவிடுகிறது.

இலத்தீனிலும் கால் ஆணிக்குப் பெயர் ‘கிளாவுஸ்’. அதன் நேர்ப்பொருளும் ஆணியே. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் கெல்சுஸ், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும் மருவை அதிலிருந்து பிரித்து ‘மிர்மேக்கியா’ எனக் குறித்தார். எறும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அப்பெயர் வந்தது.

பெயர் சிகிச்சையையும் வழிநடத்துகிறது. ஆணி என்றால் வேரோடு பிடுங்க வேண்டும் என்னும் எண்ணம் எழுகிறது. சுச்ருத சங்கிதை ‘கதரம்’ எனப்படும் கால் ஆணியை அகற்றிவிட்டு, அவ்விடத்தைச் சுடச் சொல்கிறது. வீட்டு வைத்தியத்தில் எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தோலை அரித்தெடுக்கப் பயன்பட்டன. எனினும் மருவுக்கு வேர் இல்லை. அது மேல்தோலோடு நின்றுவிடுவது. 1907இல் இத்தாலிய மருத்துவர் சியூஃபோ, பாக்டீரியா புகாத வடிகட்டியில் மருவின் சாற்றை வடித்துச் செலுத்திய பின்னும் மரு தோன்றியதைக் காட்டினார். காரணம் வைரஸ் என்பது அவ்வாறு தெளிவாயிற்று. ஆகவே பிளேடால் தோண்டுவது மருவைப் பரப்பவும் கூடும்.

இன்றைய முதற்சிகிச்சை சாலிசிலிக் அமிலம். வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து நீக்கி, அமிலத்தை மருவின்மேல் மட்டும் நாள்தோறும் இடவேண்டும். பயன் தெரியப் பன்னிரண்டு வாரங்கள்வரை ஆகலாம். 2012ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பும் இதன் பயனை உறுதிசெய்கிறது. ஆனால் அப்பயன் மிதமானதே.

பல மருக்கள், உடலின் எதிர்ப்பாற்றல் விழித்ததும், தாமே உதிர்கின்றன. வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிடும் வழக்கமும், எருக்கம்பாலின் புகழும் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எதனைச் செய்தபின் மரு உதிர்ந்ததோ, அதற்கே பெருமை சேர்ந்தது.

அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு திருமலை ஏறும் அடியவர்களுள் நீரிழிவால் பாதம் உணர்விழந்தோரும் உண்டு. அவர்களுக்குப் பிளேடு மட்டுமன்று, அமிலமும் ஆறாப் புண்ணைத் தரக்கூடும். மருத்துவரிடம் காட்டாமல் அவர்கள் எதையும் இடலாகாது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பதும், சீவினால் கரும்புள்ளிகள் தெரிவதும் மரு. கெல்சுஸ் இரு பெயரிட்டுப் பிரித்ததைப் பேச்சுவழக்கு இன்னும் ஒரே பெயரால் அழைக்கிறது; அக்குழப்பத்தின் விலையைப் பாதம் கொடுக்கிறது.