பாப்பர் வழக்கும் மஞ்சக் கடுதாசியும்

தென்காசிப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் கையை விரிப்பது மஞ்சக் கடுதாசி. தனக்கு வரவேண்டிய பங்கையோ பணத்தையோ கேட்டு வழக்குப் போட வேண்டும், ஆனால் கோர்ட் ஃபீ கட்டக் காசில்லை என்று மனுச் செய்வது பாப்பர் வழக்கு. முன்னது கொடுக்க வேண்டியவர் போடுவது, பின்னது வாங்க வேண்டியவர் போடுவது. ஆனாலும் ஊர் வாயில் இரண்டுக்கும் ஒரே அவப்பெயர்தான்.

இன்றைய கோர்ட் ஃபீயின் வேர் கம்பெனி காலத்தில் இருக்கிறது. 1795-ல் வங்காளத்தில் கட்டணம் விதித்தபோது, வீண் வழக்குகளைக் குறைக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். மெக்காலே பிரபு பின்னாளில் அதைச் சுத்த அபத்தம் என்று சாடினார். கட்டணம் பொய் வழக்குக்காரனை மட்டுமா தடுக்கும்? நியாயம் உள்ள ஏழையையும் சேர்த்துத்தானே தடுக்கும்? ஆனாலும் கட்டணம் போகவில்லை. 1870-ல் கோர்ட் ஃபீ சட்டம் வந்தது, 1955-ல் சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. பக்கத்திலுள்ள செங்கோட்டைக்காரர்களுக்கு அப்போது நம் சட்டம் கிடையாது. 1956 நவம்பர் 1 வரை அவர்கள் மலையாள ராஜ்யத்துப் பிரஜைகள்.

ஏழைக்கு வழிவிட்டது 1908-ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆவது கட்டளை. பிராதுக்கு உரிய கட்டணத்தைக் கட்ட வசதியில்லாதவர் பாப்பர். கட்டணம் இவ்வளவு என்று குறிக்கப்படாத வழக்கானால், உடுத்தும் துணியும் வழக்குச் சொத்தும் நீங்கலாக 100 ரூபாய் பெறுமான சொத்து இல்லாதவர் பாப்பர்.

மனுவைப் பொதுவாக நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும். சொத்து ஜாபிதா இணைக்க வேண்டும். எதிராளிக்கும் சர்க்கார் வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும். காதில் கிடக்கும் கம்மல் யாருடையது, வீட்டில் மாடு உண்டா என்றெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் நாலு பேர் முன்னால் கேட்கலாம். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் சொத்தை மோசடியாகக் கைமாற்றியிருந்தால் மனு தள்ளுபடி.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது முழுச் சலுகை அல்ல, தவணைதான். ஜெயித்தால், டிக்ரியில் யார் கட்ட வேண்டும் என்று இருக்கிறதோ அவரிடம் சர்க்கார் வசூலிக்கும். அந்தப் பணத்துக்கு வழக்குச் சொத்தின் மேல் முதல் பாத்தியதை சர்க்காருக்கு. தோற்றால் ஏழையே கட்ட வேண்டும். நிலவரி பாக்கியைப் போல கலெக்டர் வசூலிக்கலாம்.

1976-ஆம் வருடத் திருத்தத்தில் ‘பாப்பர்’ என்ற சொல் போய் ‘வறியவர்’ என்று ஆனது. 100 ரூபாய் வரம்பு 1,000 ஆயிற்று. வக்கீல் இல்லாதவருக்குக் கோர்ட்டே வக்கீல் வைத்துக் கொடுக்கவும் விதி வந்தது. அப்புறமும் அரசுகள் எளிதில் விடவில்லை. அரியானாவில் அரசு பஸ் விபத்தில் இறந்தவரின் மனைவியும் மகளும் நஷ்டஈடு கேட்டபோது, கோர்ட் ஃபீ இல்லாமல் கேட்க விடக்கூடாது என்று அந்த அரசே சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்துத் தள்ளுபடி செய்தார்.

பெரிய மாற்றம் 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் வழக்கு சமரசமானால் கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும். 2017-ல் தமிழ்நாட்டில் கட்டணமும் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு லட்ச ரூபாய் வழக்குக்கு 7,500 கட்டிய இடத்தில் இப்போது 3,000.

அண்ணன்மார் பங்கு தரவில்லை என்று இன்றைக்கும் குமைந்துகொண்டிருக்கும் அக்கா தங்கைகள் நம் தெருக்களில் உண்டு. கோர்ட்டுக்குப் போகப் பணமில்லை என்பார்கள். அவர்களிடம், கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்று சொல்லுங்கள். கேட்பது பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.