ஓக் பார்க்: பயத்தை வென்ற ஊர்

சிகாகோவை ஒட்டிய சிற்றூர் ஓக் பார்க். 1950-ல் கறுப்பின வேதியியலாளர் பெர்சி ஜூலியன் அங்கே வீடு வாங்கினார். குடிவரும் முன்பே அதற்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். 1951-ல் டைனமைட் வீசினார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை.

பக்கத்து ஆஸ்டின் பகுதியில் புரோக்கர்கள், "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழும்" என்று பயம் காட்டி, வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பரிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள்.

ஓக் பார்க் 1968-ல் வீடு தருவதில் பாகுபாட்டைத் தடை செய்தது. 1972-ல் ராபர்ட்டா ரேமண்ட் தொடங்கிய வீட்டு மையம், வாடகைக்கு வந்தவர்களைத் தங்கள் இனத்தவர் குறைவாக உள்ள தெருக்களையும் பார்க்கச் சொன்னது. 1978-ல் வீட்டு விலை விழுந்தால் ஈடு தரும் திட்டமும் வந்தது.

நல்ல மனசு மட்டும் போதாது நண்பர்களே, பயத்தை விற்கும் வியாபாரத்தையும் நிறுத்த வேண்டும்!