மூலமும் பாடபேதமும்: ஒரு சிறிய வண்டியின் வரலாறு

ஓலைச்சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்தவர்கள் அனைவரும் எதிர்கொண்ட வினா ஒன்றுண்டு. ஒரே செய்யுளைச் சுவடிகள் வெவ்வேறாகச் சொல்லும்போது எதனை மூலம் எனக் கொள்வது? 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலானோர் இவ்வினாவோடு பல்லாண்டுகள் மல்லாடினர். இதே வினா, எண்ணெய்க் கறை படிந்த மோட்டார்ப் பட்டறைகளிலும் நெடுநாளாகக் கேட்கப்பட்டு வருகிறது என்றால் இலக்கிய வாசகர்கள் வியக்கக்கூடும்.

பழைய ஜிப்சி வண்டி வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவில் இங்கேதான் வந்து நிற்கும். ஒரு கட்சியார், வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பர். ஒரு திருகாணிகூட மாறலாகாது. மறு கட்சியார், மலைக்கும் மணலுக்கும் ஏற்பத் திருத்தப்படாத வண்டி பாதி வண்டியே என்பர். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் முன் அவ்வண்டியின் பிறப்பு வளர்ப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

ஜப்பானில் 'கெய்' என்றொரு சிறு வண்டி வகை உண்டு. வரிச் சலுகை பெறும் இவ்வகைக்கு அறுபதுகளில் இருந்த வரம்பு: எஞ்சின் 360 சிசி, நீளம் மூன்று மீட்டர், அகலம் 1.3 மீட்டர். இந்தச் சின்னஞ்சிறு சட்டத்துக்குள் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியொன்றை அமைக்க முனைந்தது ஹோப் மோட்டார் என்னும் சிறு நிறுவனம். அதன் 'ஹோப்ஸ்டார் ஓஎன்360' மிட்சுபிஷியின் எஞ்சினைக் கொண்டு ஓடியது. மிகச் சில வண்டிகளே செய்யப்பட்டன. 1968இல் அதன் உரிமையை சுஸுகி வாங்கிற்று. மிட்சுபிஷி எஞ்சினைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய இரட்டை சிலிண்டர், காற்றால் குளிரும், டூ ஸ்ட்ரோக் எஞ்சினை அது பொருத்தியது; உடலையும் மாற்றி வரைந்தது. 1970 ஏப்ரலில் 'ஜிம்னி எல்ஜே10' வெளிவந்தது. 359 சிசி, 25 குதிரைத்திறன். மூன்று மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதால் மாற்றுச் சக்கரத்தைப் பின்புறம் தொங்கவிட இயலவில்லை. அதை உள்ளே வைத்தார்கள். அதனால் நால்வர் அமரும் வண்டி மூவருக்கானதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று 'மூலம்' என்று போற்றப்படும் முதல் ஜிம்னியே, வேறொருவர் செய்த வண்டியில் வேறோர் எஞ்சினை ஏற்றிப் பிறந்தது. அதாவது, மூலமே ஒரு பாடபேதம்.

அதன் பின்னும் மாற்றங்கள் ஓயவில்லை. 1972இல் எஞ்சின் நீரால் குளிர்விக்கப்பட்டது. 1977இல் நான்கு சிலிண்டர் கொண்ட 797 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தது. 1981இல் இரண்டாம் தலைமுறை. ஆஸ்திரேலியாவில் 'சியாரா', இந்தோனேசியாவில் 'கட்டானா', அமெரிக்காவில் 'சாமுராய்' என ஊருக்கொரு பெயர் பெற்றது அது. 1985 டிசம்பரில் மாருதி அதனை 'ஜிப்சி' என்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் 970 சிசி. முன், பின் சக்கரங்களின் இடைவெளி மட்டும் 2,375 மில்லிமீட்டராக நீண்டிருந்தது. ராணுவம், காவல்துறை, வனத்துறை என அது சென்ற இடங்களை நாமறிவோம். 1993இல் இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் கூட்டப்பட்டது; 1996இல் 1,298 சிசி எஞ்சின் வந்தது; 2000இல் அது பதினாறு வால்வும் எம்பிஎஃப்ஐயும் பெற்றது. 2019இல், புதிய பாதுகாப்பு விதிகள் வந்த வேளையில், பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

உரிமையாளர்கள் இவ்வண்டியில் கைவைப்பதற்கு அதன் எளிமையே காரணம். ஏணி போன்ற சேசிஸ். முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்த ஆக்ஸில். நான்கு மூலையிலும் கமான் பட்டை. திருகிக் கழற்றித் திருகிப் பூட்டத் தெரிந்த எவருக்கும் இது திறந்த புத்தகம். ஜிப்சியில் கமான் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் கட்டப்பட்டிருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிக் கட்டினால் வண்டி நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும். பெரிய டயர் போடலாம். பாறையில் வயிறு தட்டாது. கேட்பதற்கு எளிதுதான்.

ஆனால் செய்யுளில் ஒரு சொல்லை மாற்றியவருக்கு நேர்வது இங்கும் நேரும். சொல் மாறினால் எதுகை கெடும். எதுகையைச் சரிசெய்தால் பொருள் நகரும். வண்டியை உயர்த்தினால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் சாய்வு மிகுந்து அதன் மூட்டுகள் தேயும். ஸ்டியரிங் கம்பியும் சரிந்து, ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டி தானாக ஒருபுறம் இழுக்கும். பிரேக் குழாய்கள் எட்டாமற்போகும். பெரிய டயரைச் சுழற்ற எஞ்சின் திணறும். அதனை ஈடுகட்ட கியர்களை மாற்ற வேண்டும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். யாவற்றுக்கும் மேலாக, வண்டியின் எடை மையம் உயர்ந்துவிடும்.

இக்கடைசிச் செய்தி எத்துணை முக்கியமானது என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. 1988இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ், சாமுராய் எளிதில் கவிழக்கூடியது என்று கூறி, ஏற்கத் தகாத வண்டி எனத் தரப்படுத்தியது. அங்கே விற்பனை சரிந்தது. சோதனை முறையே தவறானது என்று 1996இல் சுஸுகி வழக்குத் தொடுத்தது. 2004இல் பணம் எதுவும் கைமாறாமல் சமரசம் ஏற்பட்டது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்றும் ஆர்வலரிடையே நடக்கிறது. அது எப்படியாயினும், ஆலை செய்த உயரத்திலேயே இவ்வளவு பெரிய வழக்கு எழுந்த வண்டியை மேலும் ஐந்து அங்குலம் உயர்த்துகிறவர், தாம் எதைத் தொடுகிறோம் என்று அறிந்தே தொட வேண்டும்.

அறிந்து தொட்டவர்களும் உண்டு. சிலி நாட்டினர் இருவர், 1986ஆம் ஆண்டின் சாமுராய் ஒன்றை எடுத்து, 1.6 லிட்டர் எஞ்சினும் அதற்குக் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜரும் பொருத்தி, சக்கரங்களையும் ஸ்பிரிங் அமைப்பையும் மாற்றினர். முன்னர் இருமுறை முயன்று தோற்றிருந்தும், 2007 ஏப்ரல் 21 அன்று ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம்வரை அதை ஓட்டிச் சென்றனர். நான்கு சக்கர வண்டி எதுவும் அன்றுவரை அவ்வளவு உயரம் ஏறியதில்லை. பின்னர் அச்சாதனை முறியடிக்கப்பட்டது உண்மை. ஆயினும் இருபத்தோரு வயதான ஒரு சிற்றுந்து, திருத்தியவர் கையால் தன் மூலத்தை மிஞ்சியது என்பதும் உண்மை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விரு கட்சிகளுக்கிடையே முதற்கட்சியின் பக்கம் நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், முன் அனுமதி பெற்று மாற்றம் செய்ய இடமளித்திருந்தது. 2000இல் வந்த திருத்தம் அதனை இறுக்கியது: பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததினின்றும் வேறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே வகை எஞ்சினை அனுமதியுடன் மாற்றுதல், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப அமைத்தல் போன்ற சில வாயில்களே எஞ்சியுள்ளன.

இது உரிமையைப் பறிப்பதென ஆர்வலர் பலர் வருந்துகின்றனர். வருத்தம் பொய்யன்று, வாங்கியவன் பொருளை வாங்கியவன் தொடக்கூடாதென்றால் உடைமை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எனினும் செய்யுளைத் தவறாகத் திருத்தியவனால் யாருக்கும் எலும்பு முறிவதில்லை. பொதுச் சாலையில் எதிரே வருபவர் நம் பட்டறைச் சோதனைக்கு உடன்பட்டவர் அல்லர். தயாரிப்பாளர் 1993இல் செய்த மாற்றத்துக்கும் நாம் தெருமுனைப் பட்டறையில் செய்யும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, சோதித்துப் பார்த்துப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்பதே. அனுமதிக்கு வழியையும் சோதனைக்கு இடத்தையும் அரசு உண்டாக்கினால் இருதரப்பும் பிழைக்கும் என்பது நமது எண்ணம்.

நண்பர்களாகச் சேர்ந்து நாங்கள் வைத்திருக்கும் தொண்ணூறுகளின் ஜிப்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எந்தப் பாகம் எந்த நாளில் எதற்காக மாற்றப்பட்டது என்பதை அதில் எழுதுகிறோம். கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் துடைத்து, எண்ணெய் பூசி எடுத்துவைக்கிறோம். திரும்பப் பூட்ட முடியாத எதையும் வெட்டுவதில்லை. பின்னால் வாங்குபவர் விரும்பினால் மூலத்துக்கே திரும்பலாம்.

நல்ல பதிப்பாசிரியர் தாம் தேர்ந்த பாடத்தை மேலே அச்சிட்டு, விட்ட பாடங்களை அடியில் குறித்துவைத்தார். தம் தேர்வு தவறாயின் வருங்கால வாசகர் திருத்திக்கொள்ளட்டும் என்ற பணிவு அது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பல கைகள் மாற்றி மாற்றி எழுதிவரும் இச்சிறிய வண்டிக்கு மூலம் எது என்ற வழக்கு தீரப்போவதில்லை. அடிக்குறிப்பை மட்டும் யாரும் அழிக்காமல் இருந்தால் போதும்.