ஓடுபவனின் கையிலிருந்த பதிவுருளை: உடலணி உணரிகளின் வரலாறு குறித்து

வீரரின் உடலிலேயே கருவியைப் பொருத்தி இயக்கத்தை அளக்கும் முறை கணினிக் காலத்தில் தோன்றியதன்று. பிரெஞ்சு உடலியங்கியலாளர் எத்தியென்-ஜூல் மரே 1873இல் வெளியிட்ட ‘விலங்கு எந்திரம்’ என்னும் நூலில், கருவிகளைச் சுமந்து ஓடும் ஒருவனின் படம் இடம்பெற்றுள்ளது. அவனது காலணியின் அடியில் இரப்பராலான காற்றறை. கால் ஊன்றும்போது அழுந்தும் காற்று குழாய் வழியே அவன் ஏந்தியுள்ள பதிவுருளையை எட்ட, அங்கே ஒரு முள் கோடு வரையும். ஓர் இரப்பர் பந்தை அவனே அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். தலைமேல் இருந்த மற்றொரு கருவி உடலின் ஏற்ற இறக்கத்தைக் குறித்தது. கால் தரையில் ஊன்றும் நேரம், இரு கால்களும் தரையை விட்டகலும் கணம் ஆகியவை இவ்வாறு கோடுகளாயின.

1882இல் பாரிசில் தமது உடலியங்கியல் நிலையம் அமைந்தபின் மரே ஒளிப்படத்தின் பக்கம் திரும்பினார். கருவி உடலைவிட்டு நீங்கியது. அதன்பின் நெடுங்காலம் நுண்ணிய இயக்க ஆய்வு பெரிதும் ஒளிப்படக் கருவியையும் ஆய்வுக்கூடத்தையும் சார்ந்தே நின்றது. அன்றாடப் பயிற்சித் திடலுக்கு அது எட்டவில்லை.

இந்நிலையை மாற்றியது விளையாட்டுத் துறை அன்று, மோட்டார் வாகனத் தொழில். மோதலின்போது காற்றுப்பையை விரியச் செய்வதற்காக 1990களின் தொடக்கத்தில் சிலிக்கான் முடுக்கமானிகள் பெருமளவில் உற்பத்தியாயின. நுண்ணிய விற்களில் தொங்கும் சிலிக்கான் துண்டு அசையும்போது மின்தேக்குத்திறன் மாறுவதே இவற்றின் தத்துவம். பெருந்தொகை உற்பத்தியால் விலை வீழ்ந்தது. 2006இல் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியிலும், 2007இல் ஐபோனிலும் இவ்வகை உணரிகள் இடம்பெற்றன. இதற்கிடையே, 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்கியிருந்தது. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தை ஒட்டி நடந்த ஆய்வுகளிலிருந்து, முதுகில் அணியும் கருவிகளை விற்கும் காட்டாபுல்ட் நிறுவனம் 2006இல் மெல்போர்னில் உருவாயிற்று.

மலிவு உணரிக்கு ஓர் எல்லை உண்டு. விளம்பரங்கள் அதனைப் பேசுவதில்லை. முடுக்கத்திலிருந்து தொலைவைப் பெற இருமுறை தொகையிடல் வேண்டும். ஆகவே நிலைத்த சிறு பிழை காலத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். விநாடிவர்க்கத்துக்கு 0.01 மீட்டர் என்னும் பிழை ஒரு நிமிடத்தில் 18 மீட்டராகிவிடும். எனவே முடுக்கமானியை மட்டும் நம்பி வீரர் நின்ற இடத்தைக் கூறவியலாது. அடி எண்ணிக்கை, ஊன்று நேரம், தாக்கத்தின் வேளை ஆகியவற்றையோ அது நன்கு தரும். மரேயின் காலணி நாடியதும் இவற்றைச் சார்ந்ததே.

2015இல் காற்பந்து விதிக்குழு போட்டிகளிலும் அணிகருவிகளுக்கு இடமளித்தது. அதன்பின் விலையினும் உரிமையே பெரிய சிக்கலாயிற்று. மரேயின் ஓட்டக்காரன் பந்தை அழுத்தித் தானே பதிவைத் தொடங்கினான்; இன்றைய வீரரின் கருவியிலிருந்து வரும் எண்களோ பயிற்றுநரின் திரையில் தோன்றுகின்றன, ஒப்பந்தப் பேச்சில் அவை எவ்வாறு பயன்படும் என்பதை அவர் அறியார். வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ ஃபிஃபாவுடன் இணைந்து 2022இல் வெளியிட்ட தரவு உரிமைச் சாசனம், தம் தரவைக் காணும் உரிமையையும் இசைவை மீளப்பெறும் உரிமையையும் வீரருக்கு உரியனவாகக் குறிப்பிடுகிறது.